கிணற்றைத் தூர்த்துவிடலாம் என்கிறான் மகன். என்ன செய்யலாம்?

கேணிக்கரை, மடிப்பாக்கம்:

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் 1990-லிருந்து குடியிருக்கிறேன். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்ததும் இடது கைப் பக்கம் ஒரு உறை கிணறு. 5 அடி அகலம், ஒன்றன்மேல் ஒன்றாக 24 உறை (வளையம்), ஒரு உறை ஒரு அடி உயரம். 1988-ல் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும் முன்பே என் மாமனார் இறக்கியது. முதலில் தண்ணீர், அப்புறம்தான் கல் என்பார். சிமென்ட் குழைத்தது, சுவருக்கு நனைத்தது எல்லாம் இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

மகன் ஓசூரிலிருந்து குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடப் போகிறான். எனக்கு ரொம்ப சந்தோஷம். அதற்காக வீட்டைக் கொஞ்சம் புதுப்பிக்கிறோம். கார் நிறுத்த இடம் வேண்டும். பேத்திக்கு நாலு வயது, கால் ஓரிடத்தில் நிற்காது. அதனால் கிணற்றைத் தூர்த்து மேலே சிமென்ட் போட்டுவிடலாம் என்கிறான். மேஸ்திரியும், ரெண்டு லோடு ரப்பீஸ் (கட்டட இடிபாடு) கொட்டினால் ஒரு நாளில் முடிந்துவிடும் என்கிறார். மகன் சொல்வதில் தப்பு இல்லை. சில வருடங்களாகப் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரைத்தான் புழங்குகிறோம். கிணற்று மோட்டாரைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று.

எனக்குத்தான் மனசு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மாமனாருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீருக்கு மேலே எத்தனை உறை தெரிகிறது என்று எண்ணிக் காலண்டரில் பென்சிலால் எழுதுவார். அவர் போன பிறகு நான் எழுதுகிறேன். பழைய காலண்டர்களைக் கட்டி வைத்திருக்கிறேன், போன வாரம் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பிப் போட்டுப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் கார்த்திகை மாதம் மூணு, நாலு உறை தெரியும். சித்திரை, வைகாசியில் பத்து, பதினொன்று. வருடா வருடம் இதற்குள்ளேதான் ஏறி இறங்கியிருக்கிறது. 2003 கோடையில் முதல் தடவையாகப் பதினெட்டு. அப்புறம் 2015 டிசம்பர் 2-ம் தேதிக் கட்டத்தில் எண்ணே இல்லை, ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன். அன்றைக்குக் கிணற்றுத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் ஒன்றாகக் கிடந்தது. கைப்பிடிச் சுவரின் விளிம்பு மட்டும் வட்டமாக வெளியே தெரிந்தது, அதன்மேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அடுத்த ஒன்றரை வருடத்தில், 2017 மே மாதம், பதினெட்டு. 2019 மார்ச்சில் இருபத்தொன்று. ஜூனில் இருபத்துநாலு.

அந்த ஜூன் மாதம் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு எவர்சில்வர் சொம்பு. என் நாத்தனார் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கைநழுவ விட்டது. இருபது வருடத்துக்கும் மேலாகத் தண்ணீருக்குள் இருந்திருக்கிறது. கயிற்றில் கொக்கி கட்டி எடுத்தேன். தெருவில் போர்களும் ஒவ்வொன்றாகக் காற்றை இழுக்க ஆரம்பித்தன. 12,000 லிட்டர் லாரித் தண்ணீரை 4,500 ரூபாய்க்கு வாங்கி மூன்று வீட்டுக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டோம். சொல்லி வைத்துப் பத்து நாள் காத்திருந்தால் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஹாரன் சத்தம் கேட்கும். ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்கு வந்ததை டிவியில் காட்டினார்கள். மழை நன்றாகப் பெய்த வருடங்களில் நம் வாசலிலிருந்து எவ்வளவு தண்ணீர் சாக்கடைக்கு ஓடியது என்றுதான் அப்போது நினைத்தேன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் கோடு. அடுத்த ஏப்ரலிலேயே பதினாறு. நாலு மாதத்தில் இவ்வளவு வேகமாக இறங்கியது காலண்டரில் வேறு எந்த வருடமும் இல்லை. இந்தக் கிணறு முன்பைவிட மேலேயும் போகிறது, முன்பைவிடக் கீழேயும் போகிறது.

கேட்க வேண்டியது இதுதான். மொட்டை மாடித் தண்ணீரைக் கிணற்றில் விட்டால் உண்மையிலேயே பலன் உண்டா? 2003-ல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது வாசலில் மூன்றடிக் குழி எடுத்து ஜல்லி நிரப்பினோம். அது ஒரு மழைக்கே நிரம்பி வழிந்தது, அப்புறம் கவனிக்கவில்லை. இரண்டாவது, கிணறும் இருந்து காரும் நிற்க வழி உண்டா? மூன்றாவது, பேத்தி. அதற்குப் பதில் இல்லாவிட்டால் மற்ற இரண்டையும் நான் கேட்கப் போவதில்லை, தூர்த்துவிடுவேன்.

---

உறைக்காரன், மேடவாக்கம்:

அம்மா, தூர்க்காதீர்கள். கிணறு இறக்குவதும் தூர் வாருவதும் அப்பா காலத்திலிருந்து எங்கள் வேலை. உங்கள் பக்கத்தில் நிறைய உறை இறக்கியிருக்கிறோம், நிறையத் தூர்த்துமிருக்கிறோம்.

உங்கள் மூன்றடிக் குழி ஏன் வழிந்தது என்றால், அங்கே மேல்மண் களிமண். எங்கள் அனுபவத்தில் ஏழெட்டு அடி, சில இடத்தில் பத்தடிக்கு மேலும் களிதான். களிமண்ணில் குழி எடுத்து ஜல்லி போட்டால் தண்ணீர் நிற்குமே தவிர இறங்காது. அதைத் தாண்டினால் மணல் கலந்த மண், அதற்குக் கீழே சொரசொரப்பான பாறைச் சிதைவு. உங்கள் 24 அடி கிணறு களியைத் தாண்டிப் போயிருக்கிறது. மழைத் தண்ணீரை அந்த ஆழத்துக்குக் கொண்டுபோகத்தான் இன்றைக்குப் புதிதாக உறை இறக்குகிறார்கள். உங்களிடம் தயாராகவே இருக்கிறது.

கணக்கு சொல்கிறேன். மாடி 1,000 சதுர அடி என்று வையுங்கள். சென்னையில் வருட மழை சராசரி 1,400 மில்லிமீட்டர். பெருக்கினால் 1,30,000 லிட்டர். ஈரமாக ஒட்டியது, ஆவியானது, முதல் மழையில் வெளியே விட்டது எல்லாம் கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டர் தேறும். உங்கள் 12,000 லிட்டர் லாரியில் எட்டுக்கு மேல். கிணறு ஒரு உறைக்கு 550 லிட்டர், முழுக்க நிரம்பினாலும் 13,000 சொச்சம்தான். ஒரு லட்சத்தை அதில் எப்படி அடைப்பது என்று கேட்பீர்கள். கிணற்றைத் தொட்டியாக நினைக்காதீர்கள். ஊற்று எந்த வழியாக உள்ளே வந்ததோ அதே வழியாக விட்ட தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு மட்டும் சேராது, பக்கத்து வீட்டுப் போருக்கும் போகும். பரவாயில்லை, போகட்டும்.

செய்ய வேண்டியது: முதலில் தூர் வார வேண்டும், அடிச்சேறு ஊற்றுக்கண்ணை அடைத்திருக்கும். மாடிக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு வால்வு. சீசனில் முதல் இரண்டு மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள், காக்கை எச்சம், இலைச் சருகு, தூசு எல்லாம் அதில் போய்விடும். கிணற்றுக்கு முன்னால் மூன்றடிக்கு மூன்றடி வடிகட்டித் தொட்டி: அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அதற்கு மேல் நைலான் வலை, வலைமேல் மணல். மணலை வருடம் ஒரு தடவை புரட்டாசியில் எடுத்து அலசிப் போட வேண்டும். இதை யாரும் செய்வதில்லை, அதனால்தான் இரண்டு வருடத்தில் 'மழைநீர் சேகரிப்பு வேலை செய்யவில்லை' என்கிறார்கள். உள்ளே போகிற பைப்பைக் கீழே வரை இறக்கி எல்போ (வளைவுத் துண்டு) போட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பி விடுங்கள், மேலேயிருந்து கொட்டினால் அடிமண்ணைக் கலக்கும்.

கார் நிறுத்தலாம். கைப்பிடிச் சுவரை எடுத்துவிட்டுத் தரை மட்டத்தில் கம்பி கட்டி ஸ்லாப் போடலாம். ஆனால் காரின் பாரம் உறைமேல் இறங்கவே கூடாது. உறைக்கு வெளியே நாலு பக்கமும் பீம் எடுத்து அதன்மேல்தான் ஸ்லாப் உட்கார வேண்டும். இதை மேஸ்திரியின் கண்ணளவில் விடாதீர்கள், ஒரு பொறியாளரிடம் வரைபடம் வாங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி வாய் விட்டு, பூட்டுப் போடும் இரும்பு மூடி, காற்றுப் போக ஒரு குழாய், அதன் வாயில் கொசுவலை. பேத்தி அதன்மேல் குதித்து விளையாடலாம்.

ஒன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். புழங்காத கிணற்றில் யாரையும் சட்டென்று இறக்காதீர்கள். விஷவாயு நிற்கும். விளக்கு இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்று சொல்லி இறங்குவார்கள், அது மட்டும் போதாது. பிளோயர் வைத்துக் காற்று அடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் இருந்தால்தான் இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்ற அடுத்தவர் குதிக்கிறார், அவரும் போய்விடுகிறார். எங்கள் தொழிலில் அப்படி ஆட்களை இழந்திருக்கிறோம்.

---

கடலோரவாசி, திருவான்மியூர்:

அக்கா, நாங்கள் தூர்த்தவர்கள். அதனால் எழுதுகிறேன்.

2011-ல் பழைய வீட்டை இடித்து ஆறு பிளாட் கட்டினோம். 18 அடி கிணறு ஒன்று இருந்தது. எங்கள் பக்கம் முழுக்கக் கடல் மணல், ஒரு வாளி இறைத்தால் அடுத்த நிமிடமே ஊறிவிடும். கார் நிறுத்த அதை மூடி, 120 அடிக்குப் போர் போட்டோம். ஐந்தாறு வருடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் குழாய் வாயில் வெள்ளையாகப் பொரிந்தது. சோப்பு நுரைக்கவில்லை. தொட்டிச் செடிகள் இலை ஓரம் கருகின. வாயில் விட்டால் உப்பு.

கடலோர மணலில் நல்ல தண்ணீர் கனம் குறைவு என்பதால் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும். மேலே இருப்பதை அளவாக எடுத்து, மழையில் மறுபடி ஊட்டினால் அது அப்படியே இருக்கும். ஆழத்தில் பைப்பை இறக்கி உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு ஏறிவிடும். ஏறிய உப்பு இறங்க வருடக்கணக்காகும். 2019-ல் எங்கள் வளாகத்தின் மூலையில் புதிதாக ஒரு கிணறு இறக்கி மாடித் தண்ணீர் முழுவதையும் அதில் விட்டோம். இப்போது தண்ணீர் பரவாயில்லை, பழைய ருசி இன்னும் வரவில்லை.

உங்கள் மண் வேறு, கடலும் தூரம். ஆனாலும் தூர்த்த கிணற்றை மறுபடி எடுப்பது என்பது கிடையாது. கொட்டிய இடத்தைத் தோண்டலாமா என்று கேட்டோம், உறை எல்லாம் நொறுங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

---

ஈரநிலம், வேளச்சேரி:

கிணற்றை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எங்கள் மாதிரி தாழ்வான பகுதிக்கு ஒரு ஆபத்து உண்டு, அதை யாரும் சொல்லவில்லை.

கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. இதுதான் தண்ணீர் போகிற வழி. சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடமாகிவிட்டது, மிச்சமிருப்பதை 2022-ல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். அங்கே இடமில்லாத தண்ணீர் நம் தெருவில் நிற்கிறது, சாக்கடையும் செப்டிக் டேங்க் கழிவும் கலந்து. தரை மட்டத்தில் மூடி வைத்தால் அது நேராகக் கிணற்றுக்குள் இறங்கும். கிணறு களியைத் தாண்டிப் போவது நல்ல தண்ணீருக்கு எவ்வளவு நல்லதோ அழுக்குத் தண்ணீருக்கும் அதே குறுக்கு வழிதான். 2015-ல் எங்கள் தெருவில் வெள்ளம் வடிந்த பிறகும் கிணறுகள் வாரக்கணக்கில் நாறின.

ஆகவே மூடியின் வாய் தரையைவிட உயரமாக இருக்கட்டும். காரின் சக்கரம் படாத ஓரத்தில் அந்த வாயை வைத்துச் சுற்றிலும் இரண்டடி உயரம் கட்டிவிடலாம். 2015-ல் உங்கள் வாசலில் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று உங்களுக்குத் தெரியும், அதற்கு மேலே போங்கள். காற்றுக்குழாயும் அதே உயரத்துக்கு. செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்றும் பாருங்கள், விரிசல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எவ்வளவு செய்தாலும் வெள்ளம் புகுந்துவிட்டால், இறைத்து வெளியேற்றிவிட்டு, ஊறிய தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்கி ஒரு மணி நேரமாவது விட வேண்டும். கலங்கல் அதிகமானால் இந்த அளவு போதாது. குடிக்க இந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், புழக்கத்துக்கு மட்டும்.

உங்கள் காலண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். மறு வருடமே, 2016-ல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. வர்தா புயல் வந்து மரங்களைச் சாய்த்த அந்த வருடம்தான் மழை இல்லாத வருடமும். 2018-ல் மறுபடி பொய்த்தது, அதன் பலன்தான் நீங்கள் எடுத்த சொம்பு. பூமியின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. கொட்டுகிற வேகத்துக்கு மண்ணால் குடிக்க முடிவதில்லை, ஓடிவிடுகிறது. நடுவில் நீண்ட வறட்சி. இதை நான் புத்தகத்தில் படித்தேன். உங்கள் வீட்டில் உறைக் கணக்கில் இருக்கிறது.

---

உறைக்காரன், மேடவாக்கம்:

வேளச்சேரி சார் சொன்னது சரி, நான் மூடியைத் தரை மட்டத்தில் சொல்லியிருக்கக் கூடாது. ஓரமாக வாய் எடுத்து உயர்த்திக் கட்டுங்கள்.

இன்னொன்றும் விட்டுவிட்டேன். 49 சென்டிமீட்டர் மழை என்றால் 1,000 சதுர அடி மாடியிலிருந்து மட்டும் ஒரே நாளில் 45,000 லிட்டர். எந்தக் கிணறும் அதை அந்த நாளில் குடிக்காது. அதனால் நிரம்பினால் வெளியேற ஒரு பைப், அதில் தெருத் தண்ணீர் திரும்பி உள்ளே வராதபடி ஒருவழி வால்வு. புயல் எச்சரிக்கை வந்தால் மாடி வால்வைத் திருப்பி வெளியே விட்டுவிடுங்கள். அன்றைக்குச் சேர்க்க வேண்டாம், மற்ற நாட்களில் சேர்த்தாலே போதும்.

---

கேணிக்கரை, மடிப்பாக்கம்:

எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்து மூன்று வாரம் ஆகிறது, அதைச் சொல்லிவிட்டுப் போக வந்தேன்.

நீங்கள் எழுதியதை மகனுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். கணக்கைக் கேட்டதும் கால்குலேட்டரை எடுத்து அவனே போட்டுப் பார்த்தான். அப்புறம் திருவான்மியூர் தம்பி எழுதியதை இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னான். மறுநாள் மேஸ்திரியிடம், ரப்பீஸ் வண்டியை வரச்சொல்ல வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து பீமுக்கு வரைந்து கொடுத்தார். தூர் வார வந்தவர்கள் பிளோயர் இல்லாமல் வந்தார்கள், உங்கள் பதிலைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அதோடு வந்தார்கள். பதினான்கு கூடை கறுப்புச் சேறு. கொல்லைப்புறத்தில் முருங்கைக்குப் போட்டிருக்கிறேன். கீழே இறங்கினவர் மேற்குப் பக்கம் ஊற்றுக்கண் திறந்துகொண்டது என்று கத்தினார், மேலே நின்ற எனக்கே தண்ணீர் கசிகிற சத்தம் கேட்டது.

வாய் இப்போது சுவர் ஓரமாக, இரண்டே முக்கால் அடி உயரத்தில் இருக்கிறது. 2015-ல் தண்ணீர் நின்ற கறை சுவரில் இன்னும் லேசாகத் தெரிகிறது, அதைவிட நாலு விரல் மேலே. மூடிக்குப் பூட்டு உண்டு, சாவி என் இடுப்பில். செப்டிக் டேங்க் வீட்டின் பின்பக்கம், நன்றாகத் தள்ளித்தான் இருக்கிறது. ஒரு மூலையில் விரிசல் இருந்தது, பூசியாயிற்று.

வேலை முடிந்த அன்று பதினேழு உறை தெரிந்தது. முதல் இரண்டு மழையை வெளியே விட்டோம், விடும்போது மனசு அடித்துக்கொண்டது. மூன்றாவது மழை மூன்று நாளைக்கு முன்னால் ராத்திரி, விட்டு விட்டு விடியும் வரை பெய்தது. வடிகட்டியில் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டபடியே படுத்திருந்தேன். காலையில் மூடியைத் திறந்து மகன் டார்ச் அடித்தான், நான் எண்ணினேன். பதின்மூன்று. நேற்றுக் காலை பதின்மூன்றரை, இன்று பதினாலு. மண்ணுக்குள் போகிறது என்று உறைக்காரர் சொன்னது இதுதான் போலிருக்கிறது.

முதல் தேதி வரை காத்திருக்காமல் மூன்று எண்ணையும் எழுதிவிட்டேன். ஒரு சந்தேகம்: வடிகட்டி மணல்மேல் இப்போதே மெல்லிய பாசி மாதிரி ஒரு படலம் தெரிகிறது. இதை உடனே அலச வேண்டுமா, புரட்டாசி வரை விடலாமா?